விலையை ஆக்குவது எது? செய்தியும் பேரமும் செய்யும் வேலை

மஞ்சள் பயிரிடும் விவசாயியின் உழைப்பு நெடியது. வைகாசி, ஆனியில் விதைக்கிழங்கை ஊன்றி, எட்டு ஒன்பது மாதம் நீர் பாய்ச்சிக் களையெடுத்து, தை, மாசியில் வெட்டி, வேகவைத்து, களத்தில் உலர்த்தி, மெருகேற்றி, மூட்டை பிடித்து விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுசெல்கிறார். முதல் நாள் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கிடைத்த விலை மறுநாள் இவருக்குக் கிடைப்பதில்லை. குவிண்டாலுக்குச் சில நூறு ரூபாய் குறைந்துவிடுகிறது. மழை பெய்யவில்லை, மஞ்சளின் தரமும் ஒரே இரவில் மாறிவிடவில்லை, உண்போரும் குறைந்துவிடவில்லை. பின் ஏன் விலை இறங்கிற்று? "எல்லாம் வியாபாரிகள் செய்யும் சூழ்ச்சி" என்று சிலர் கூறுவர். "எல்லாம் நம் தலையெழுத்து" என்று வேறு சிலர் கூறுவர். இவ்விரண்டு விடையும் நமக்குப் பயன்படமாட்டா. விலை எவ்வாறு உருவாகிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டால்தான், எப்போது விற்பது, எவர் சொல்லை நம்புவது என்று தீர்மானிக்க இயலும். ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வோம்.

விலை என்பது ஒரு கூட்டு மதிப்பீடு

ஒரு பொருளின் விலையை எந்தத் தனி மனிதரும் நிர்ணயிப்பதில்லை. விற்பனைக் கூடத்தில் நடைபெறும் மறைமுக ஏலத்தை எடுத்துக்கொள்வோம். வியாபாரிகள் குவியல்களைப் பார்வையிடுகின்றனர். விரலியை ஒடித்துப் பார்க்கின்றனர். தாம் கொடுக்கக்கூடிய விலையைத் தனித்தனியே சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுகின்றனர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. எவர் சீட்டில் அதிக விலை இருக்கிறதோ, அவருக்குச் சரக்கு உரியதாகிறது.

அந்தச் சீட்டுகளில் உள்ளவை வெறும் எண்களல்ல. ஒவ்வொரு வியாபாரியும் தாம் அறிந்த செய்தியையே எண்ணாக்கி எழுதுகிறார். ஒருவருக்கு வட நாட்டிலிருந்து கேட்பு வந்திருக்கிறது. மற்றொருவர், நிஜாமாபாத்தில் வரத்து மிகுதி என்று கேள்விப்பட்டிருக்கிறார். இன்னொருவர் கிடங்கில் பழைய சரக்கு தேங்கிக் கிடக்கிறது. இவ்வாறு பலரிடம் சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒரே எண்ணாகத் திரட்டித் தருவதே சந்தையின் தொழில். வாங்குவோர் பலராகவும், ஒருவருக்கொருவர் கலந்து பேசாதவராகவும் இருந்தால் அந்த எண் நியாயமானதாக அமையும். சிலரே வந்து, முன்கூட்டியே தம்முள் பேசி வைத்துக்கொண்டால், சீட்டுமுறை இருந்தும் பயனில்லை.

இது கருதியே ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் ஏற்படுத்தப்பட்டன. சென்னை மாகாணத்தில் 1933-ல் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டு, 1936-ல் திருப்பூரில் பருத்திக்காக முதல் விற்பனைக் கூடம் தொடங்கப்பட்டது. சரியான எடை, வெளிப்படையான விலை, உடனடிப் பணம் ஆகிய மூன்றுமே அதன் நோக்கம்.

முன்பேரச் சந்தை

மேலே கூறியது சரக்கு கைமாறும் சந்தை. இதற்கு அப்பால் மற்றொரு சந்தையும் உண்டு. அங்கே மூட்டையும் இல்லை, தராசும் இல்லை. "இன்ன மாதத்தில், இன்ன தரத்தில், இத்தனை குவிண்டால், இன்ன விலைக்கு" என்னும் ஒப்பந்தமே அங்கு வாங்கவும் விற்கவும் படுகிறது. இதனை முன்பேர வர்த்தகம் என்பர். பம்பாயில் 1875-ல் பருத்தி வியாபாரிகள் சங்கம் அமைத்துக்கொண்ட காலத்திலிருந்தே நம் நாட்டில் முறைப்படுத்தப்பட்ட முன்பேரம் இருந்துவருகிறது. இன்றைய முறையில் தேசிய அளவிலான மின்னணுச் சரக்குச் சந்தைகள் 2002, 2003 ஆண்டுகளில் தோன்றின. மஞ்சளுக்கு அவற்றுள் ஒன்றில் முன்பேரம் நடைபெறுகிறது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். விதைப்பு முடிந்த சமயத்தில், சித்திரை மாத ஒப்பந்தத்தின் விலை குவிண்டாலுக்கு ரூ.14,000 என வைத்துக்கொள்வோம். ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அவ்விலைக்கு ஒப்பந்தத்தை விற்றுவைக்கிறது. அறுவடைக் காலத்தில் விலை ரூ.11,000-க்கு இறங்கிவிட்டது. நிறுவனம் தன் மஞ்சளை உள்ளூரில் ரூ.11,000-க்கு விற்று, ரூ.14,000-க்கு விற்ற ஒப்பந்தத்தை ரூ.11,000-க்குத் திரும்ப வாங்கிக் கணக்கை முடிக்கிறது. ஒப்பந்தத்தில் ரூ.3,000 ஆதாயம், ஆக ரூ.14,000 கிடைத்ததாகிறது. மாறாக விலை ரூ.16,000-க்கு ஏறியிருந்தால், உள்ளூரில் ரூ.16,000 பெற்று, ஒப்பந்தத்தில் ரூ.2,000 இழந்திருக்கும். அப்போதும் ரூ.14,000-மே. அதாவது பேராசையையும் விட்டு, பெருநட்டத்தையும் தவிர்த்து, நிலையான விலையைப் பெறுவதே இதன் உண்மைப் பயன்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. விலை ஏறும் நாள்தோறும் அந்த ரூ.2,000 நட்டத்தைச் சிறிது சிறிதாக ரொக்கமாகக் கட்டவேண்டும். மஞ்சளோ இன்னும் மண்ணுக்குள் இருக்கும். தரகும் உண்டு. உள்ளூர் விலையும் ஒப்பந்த விலையும் எப்போதும் ஒரே அளவில் ஏறி இறங்கும் என்பதற்கும் உறுதி இல்லை. ஆகவே தனி விவசாயி கடன் வாங்கி இதில் இறங்குவது தகாது. கையில் சரக்கும் இன்றி, சரக்கின் தேவையும் இன்றி விலையின் மேல் பந்தயம் கட்டுவோர் பலர் அங்கு இருக்கின்றனர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நாம் முன்பேரத்தில் ஈடுபடாவிட்டாலும் அதன் விலை நம்மை வந்து சேருகிறது. காலையில் ஏலத்துக்கு வரும் வியாபாரி முன்பேர விலையைப் பார்த்துவிட்டே சீட்டை எழுதுகிறார்.

செய்தி விலையை அசைக்கும் விதம்

2023-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும். அவ்வாண்டு பருவமழை பிந்தியது. மஞ்சள் பயிரிடும் பரப்பு குறையும் என்ற செய்தி பரவிற்று. வசந்த காலத்தில் இருந்த விலை, ஆவணிக்குள் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அப்போது புதிய மஞ்சள் ஒரு கிழங்கேனும் வெட்டப்படவில்லை. கிடங்கிலிருந்த பழைய மஞ்சளும் திடீரென மறைந்துவிடவில்லை. வரப்போகும் பற்றாக்குறையை எதிர்பார்த்தே பழைய சரக்கின் விலை உயர்ந்தது. விலை என்பது இன்றைய நிலையை மட்டும் காட்டுவதன்று. நாளைய எதிர்பார்ப்பையும் தன்னுள் அடக்கியது என்பது இதனால் விளங்கும்.

எதிர்பார்ப்பு தலைகீழாகவும் மாறும். அமெரிக்காவில் 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டமையால் இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்கவில்லை. இந்தியப் பஞ்சின் விலை பன்மடங்கு ஏறிற்று. பம்பாயில் பணம் குவிந்தது. புதுப்புதுக் கம்பெனிகள் தோன்றின. அவற்றின் பங்குகள் நம்பவொண்ணா விலைக்கு விற்றன. 1865-ல் போர் முடிவுக்கு வந்த செய்தி எட்டியதும் பஞ்சு விலை சரிந்தது. அமெரிக்கப் பஞ்சு பழைய அளவில் கப்பலேறும் முன்னரே இச்சரிவு நேர்ந்தது. கடன் வாங்கிப் பங்கும் பஞ்சும் வாங்கியிருந்தோர் திவாலாயினர். பம்பாய் வங்கியே அந்த அடியிலிருந்து மீளவில்லை. சரக்கு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்துவிடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

இவற்றிலிருந்து ஒரு முக்கியமான விதி கிடைக்கிறது: எல்லாரும் அறிந்துவிட்ட செய்தி விலையை மேலும் அசைப்பதில்லை. "இவ்வாண்டு விளைச்சல் குறைவாம், விலை ஏறுமாம்" என்று தேநீர்க் கடையில் நமக்கு ஒருவர் கூறுவாரானால், அச்செய்தி பெரும்பாலும் முன்பே விலையில் ஏறிவிட்டிருக்கும். எதிர்பாராத புதுச் செய்தியே விலையை மாற்றும். நல்ல செய்தி வந்தும் விலை இறங்குவது ஏனெனில், அதனினும் நல்ல செய்தியைச் சந்தை எதிர்பார்த்திருந்தது.

சென்ற ஆண்டு விலை மிகப் பழைய செய்தி. 2010-ல் மஞ்சள் விலை குவிண்டாலுக்கு ரூ.15,000-ஐத் தாண்டிற்று. அதைக் கண்டு எங்கும் பரப்பைப் பெருக்கினர். விளைச்சல் குவிந்தது. 2012-ன் தொடக்கத்தில் விலை ரூ.4,000 அளவுக்கு வீழ்ந்தது. ஒவ்வொருவரும் அறிவோடு செய்ததாகவே எண்ணினர். அனைவரும் ஒரே பழைய செய்தியை நம்பி ஒரே காரியத்தைச் செய்ததே கேடாய் முடிந்தது.

பேரமே செய்தியாகும் விதம்

செய்தி மட்டுமன்றி, வாங்குதலும் விற்றலுமே விலையை அசைக்கும். இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, சந்தையின் ஆழம். நூறு பேர் வாங்கவும் நூறு பேர் விற்கவும் காத்திருக்கும் சந்தையில் ஒருவர் ஐம்பது மூட்டை விற்றால் விலை அசையாது. நால்வரே வாங்க வந்துள்ள நாளில் அதே ஐம்பது மூட்டை விலையைக் கீழே தள்ளிவிடும். குளத்தில் எறிந்த கல்லும் குவளையில் போட்ட கல்லும் ஒன்றல்ல.

இரண்டாவது, பிறர் மனத்தில் எழும் ஐயம். திடீரென ஒருவர் பெருமளவில் வாங்கத் தொடங்கினால், "இவருக்கு நாம் அறியாத ஏதோ செய்தி தெரிந்திருக்கிறது" என்று மற்றவர் எண்ணுகின்றனர். விற்பவர் விலையை உயர்த்திக் கேட்கிறார். உண்மையில் அவருக்குச் செய்தி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தம்மினும் விவரம் அறிந்தவரிடம் ஏமாறக்கூடும் என்ற அச்சத்தினாலேயே வியாபாரிகள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஓர் இடைவெளியை வைக்கின்றனர். செய்தி சமமாகப் பரவாத இடத்தில் அவ்விடைவெளி அகலும். அந்த அகலத்தின் சுமையைத் தாங்குவோர், செய்தி எட்டாத சிறு விவசாயிகளே.

விலையின் எல்லா அசைவுக்கும் செய்தியே காரணம் என்றும் கருதிவிடக்கூடாது. அமெரிக்காவில் ப்ளோரிடா மாநிலத்து ஆரஞ்சுச் சாற்றின் முன்பேர விலையை ரிச்சர்ட் ரோல் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 1984-ல் முடிவை வெளியிட்டார். உறைபனி விழுந்தால் ஆரஞ்சு அழியும்; ஆதலால் அங்கு வானிலையே தலையாய செய்தி. வானிலை இலாகாவின் முன்னறிவிப்பில் நேரும் பிழையைக்கூட முன்பேர விலை ஓரளவு முன்கூட்டியே காட்டிற்று என்பதை அவர் கண்டார். அதேசமயம், விலையின் ஏற்ற இறக்கத்தில் மிகச் சிறிய பகுதியையே வானிலையைக்கொண்டு விளக்க முடிந்தது என்பதையும் கண்டார். சந்தை கூர்மையான அறிவுடையது. ஆயினும் காரணம் விளங்காத தடுமாற்றமும் அதற்கு உண்டு.

சிக்காகோவின் வெங்காயப் பாடம்

பேரமும் பொய்ச் செய்தியும் சேர்ந்தால் விளையும் தீங்குக்கு, சிக்காகோ நகரில் நடந்த நிகழ்ச்சி பெயர்பெற்றது. வின்சென்ட் கொசுகா, சாம் சீகல் என்ற இருவர் 1955-ன் இலையுதிர் காலத்தில், அந்நகரத்தில் இருந்த வெங்காயம் அநேகமாக முழுவதையும் தம் கைக்குக் கொண்டுவந்தனர். அளவு ஏறத்தாழ மூன்று கோடி பவுண்டு. இவர்களுள் கொசுகா தாமே வெங்காயம் பயிரிட்டவர். பின்னர், "இவ்வளவையும் ஒரே நேரத்தில் சந்தையில் கொட்டிவிடுவோம்" என்று அச்சுறுத்தி, அதில் ஒரு பகுதியைப் பயிரிடுவோரையே வாங்கச் செய்தனர். அதே சமயத்தில் முன்பேரச் சந்தையில் விலை வீழும் என்று பெருமளவில் ஒப்பந்தங்களை விற்றுவைத்தனர். கெடத் தொடங்கிய பழைய வெங்காயத்தை வெளியூருக்கு அனுப்பிச் சுத்தம் செய்து, புதுப்பையில் கட்டி, மீண்டும் சிக்காகோவுக்கே கொண்டுவந்தனர். பார்த்தவர்கள் புதுச் சரக்கு வந்து குவிவதாக நம்பினர்.

1955 ஆகஸ்டில் 50 பவுண்டுப் பை ஒன்று 2.75 டாலர் விற்றது; 1956 மார்ச்சில் 10 சென்டுக்கு வீழ்ந்தது. வெங்காயத்தைவிடக் கோணிப்பையின் விலை அதிகமாயிற்று. அவ்விருவரும் பெரும்பொருள் ஈட்டினர். பயிரிட்டோர் பலர் அனைத்தையும் இழந்தனர். விவசாயிகளின் கொதிப்பைக் கண்ட அமெரிக்க காங்கிரஸ் 1958-ல் வெங்காய முன்பேரத்தையே சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் அத்தடைக்குப் பின்னரும் வெங்காய விலை ஏறி இறங்குவது அந்நாட்டில் நின்றுவிடவில்லை. சந்தையை மூடுவதனால் மட்டும் விலை அமைதியடையாது. சந்தையில் பொய்யைத் தடுப்பதே முதற்கடமை.

நம் நாட்டில் 1952-ல் முன்பேர ஒப்பந்தச் சட்டம் இயற்றப்பட்டு, 1953-ல் முன்பேரச் சந்தைகள் ஆணையம் அமைந்தது. அது 2015 செப்டம்பரில் செபி என வழங்கும் இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு நாளில் விலை இவ்வளவுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்ற வரம்பும், ஒருவர் இவ்வளவுக்கு மேல் ஒப்பந்தம் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பும், முன்பணக் கட்டாயமும் உள்ளன. விலைவாசி உயர்வு கருதி 2021 டிசம்பரில் நெல், கோதுமை, கடலைப் பருப்பு உள்ளிட்ட ஏழு பொருள்களின் முன்பேரம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த உத்தரவு பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது.

செய்தி கிடைத்தால் நன்மை உண்டா?

உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. வட கேரளக் கடற்கரையில் நடந்ததைக் காண்போம். கைப்பேசி வருவதற்கு முன், மத்திச் சாளை பிடித்துவரும் மீனவர் தம் ஊர்க் கரைக்கே வந்து சேர்வர். 1997 ஜனவரியில் ஒரு நாள் காலை வடகரையில் பதினொரு மீனவர்கள் வாங்குவாரின்றி மீனைக் கொட்ட நேர்ந்தது. அதே வேளையில் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த பிற கரைகளில் இருபத்தேழு பேர் மீன் கிடைக்காமல் திரும்பினர். 1997 முதல் 2001 வரை அக்கரையில் கைப்பேசிச் சேவை படிப்படியாக வந்தது. மீனவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டு, தேவையுள்ள கரைக்குப் படகைத் திருப்பினர். ராபர்ட் ஜென்சன் என்பவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மீனவர் இலாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. மீன் வீணாவது அநேகமாக ஒழிந்தது. இருதரப்பும் நன்மையடைந்தது கருதத்தக்கது.

மத்தியப் பிரதேசத்தில் சோயா விலையைக் கிராமக் கணினி நிலையங்கள் வாயிலாக அறிவித்தபோது, விவசாயிகள் பெற்ற விலை 1 முதல் 3 சதவீதம் வரை உயர்ந்தது. ஆனால் மகாராஷ்டிரத்தில் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக விலை விவரம் அனுப்பிச் சோதித்து 2012-ல் வெளியான ஆய்வில், விவசாயிகள் பெற்ற விலையில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை.

இந்த வேற்றுமையை நாம் ஆழ்ந்து எண்ணவேண்டும். மீனவர் படகைத் திருப்ப முடிந்தது. அதனால் செய்தி பயன்பட்டது. நமது விவசாயி மூட்டையைத் திருப்பிக்கொண்டு போக முடிகிறதா? அறுவடைக்கு முன்பே வியாபாரியிடம் கடன் வாங்கி, அவருக்கே விற்பதாக வாக்களித்திருந்தால், வேறிடத்து விலையை அறிந்தும் என்ன பயன்? செய்தி ஒரு கண். காத்திருக்கும் வலிமை ஒரு கால். கண் மட்டும் இருந்து கால் இல்லாவிடில் நடக்க இயலாது.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

முதலாவது: பஞ்சாயத்து அலுவலகப் பலகையில், நம் பகுதியின் முக்கிய விளைபொருளுக்கு அருகிலுள்ள இரண்டு மூன்று விற்பனைக் கூடங்களின் விலையை நாள்தோறும் எழுதலாம். உச்ச விலையை மட்டும் எழுதுவது ஏமாற்றம் தரும். குறைந்த விலை, உயர்ந்த விலை, பெரும்பாலான மூட்டைகள் விற்ற விலை, வரத்து மூட்டைகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதவேண்டும். 2016-ல் தொடங்கப்பட்ட மின்னணு தேசிய வேளாண் சந்தையிலும், உழவன் செயலியிலும் விலை விவரங்கள் கிடைக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன் வெளியிடும் விலை முன்னறிவிப்பையும் படித்துக் காட்டலாம்.

இரண்டாவது: ஊரில் எத்தனை ஏக்கரில் என்ன பயிர் என்பதை அடங்கலில் உள்ளபடி பதியச் செய்யவேண்டும். நம் ஊர்க் கணக்கு பிழையானால் மாநிலக் கணக்கும் பிழையாகும். அப்பிழையான செய்தியே விலையாகி நம்மிடம் திரும்பி வரும்.

மூன்றாவது: உலர்களமும் கிடங்கும். விற்பனைக் கூடக் கிடங்கில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியை அனைவரும் அறியச் செய்யவேண்டும். காத்திருக்கும் வலிமையை அளிப்பது இதுவே. எனினும் காத்திருந்தால் விலை ஏறியே தீரும் என்று எவரும் வாக்களிக்க முடியாது. ஆகவே சரக்கு முழுவதையும் ஒரே நாளில் விற்காமலும், முழுவதையும் பூட்டி வைக்காமலும், மூன்று நான்கு தவணையாக விற்பது நன்று.

நான்காவது: வதந்தியை ஆராய்தல். ஒரு செய்தி வந்தால், "இதைச் சொன்னவர் யார்? இதை நாம் நம்பினால் அவருக்கு ஆதாயம் உண்டா? இது முன்பே எல்லாரும் அறிந்ததா?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். கிராம சபையில் இதனை எடுத்துரைக்கலாம்.

விலையை நம் விருப்பம்போல் ஆக்க எவராலும் இயலாது. ஆனால் விலையை ஆக்கும் செய்தியில் நமக்கும் பங்கு உண்டு. சந்தையில் நின்று பேரம் பேசும் வலிமையை ஒன்றுபட்டால் பெறவும் முடியும். அடுத்த தை மாதம் மஞ்சள் மூட்டை வண்டியேறும் முன், நம் ஊர்ப் பலகையில் அன்றைய விலை எழுதப்பட்டிருக்குமாக. அந்த ஒரு சாக்குக்கட்டி எழுத்து, ஒரு குடும்பத்தின் எட்டு மாத உழைப்பைக் காக்கக்கூடும்.